நூறு தம்ளர் எலுமிச்சம்பழ ஜூஸ், கசக்காமல்

எலுமிச்சம்பழ ஜூஸ் போட ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். 2023 மே மாதம் வரைக்கும் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். மகளுக்குக் காதுகுத்து. செங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல். நாத்தனாரைப் புனலூரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவர்கள் ஒரு வேன் நிறைய ஆள்களோடு ஆரியங்காவு மலையேறி இறங்கி வருகிறார்கள். வந்ததும் கையில் ஒரு தம்ளர் ஜூஸ் கொடுப்பது என் பொறுப்பு.

முதல் நாள் மத்தியானமே வேலையை முடித்துவிடலாம் என்று முற்றத்து வெயிலில் உட்கார்ந்து அறுபது பழத்தைக் கையால் பிழிந்தேன். அப்புறம் பொறுமை போய்விட்டது. மிச்சத்தைத் துண்டு போட்டு விதையோடு மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி வடிகட்டி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பித்தளை அண்டாவில் ஊற்றி மூடிவைத்தேன். காலையில் சர்க்கரை போட்டுக் கலக்கி வாயில் வைத்தால், முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு, கடைசியில் அடிநாக்கில் வேப்பங்கொழுந்து. போன தம்ளர்களில் பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தன. "ராத்திரி பூரா பித்தளையில வெச்சா கசக்காம என்னம்மா செய்யும்" என்று மட்டும் அத்தை சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்தில் என் தப்பில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஏழெட்டு விசேஷங்களுக்கு ஜூஸ் போட்டுவிட்டேன். இப்போது ஸ்குவாஷ், அதாவது தண்ணீர் கலந்து குடிக்கிற சர்க்கரைச் சாறு, பாட்டிலில் போட்டுக் கொஞ்சம் விற்கிறேன். முதல் தடவை செய்கிறவர்களுக்காக, நான் பட்டதை வரிசைப்படி எழுதுகிறேன். நான்கு பேருக்குப் போடுவதானாலும் முறை இதுதான், அளவுதான் குறையும்.

1. பழத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்

யூட்யூபில் வெளிநாட்டுக்காரர்கள் 'ஆறு பழம் போதும்' என்று செய்து காட்டுவதை நம்பி இறங்காதீர்கள். அவர்கள் பழம் வேறு: பெரிசு, தடித்த தோல், ஒன்றிலேயே கால் தம்ளர் சாறு வரும். நம் ஊர் எலுமிச்சை 40 முதல் 50 கிராம் இருக்கும். நன்றாகப் பிழிந்தால் 15 முதல் 20 மில்லி. அதனால் தம்ளருக்கு ஒரு பழம் என்று வைத்துக்கொண்டால் கணக்கு தப்பாது. ஒரு கிலோவுக்கு 20 முதல் 25 பழம் நிற்கும். நூறு தம்ளருக்கு நாலரைக் கிலோ வாங்கினால் சொத்தைக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும்.

பார்த்து எடுப்பதற்கு ஒரே விதி, அளவுக்கு மீறிய கனம். கையில் இரண்டு பழத்தை வைத்துப் பாருங்கள், ஒரே பருமனில் கனமாக இருப்பதில்தான் சாறு. தோல் மெல்லிசாக, வழவழவென்று, மஞ்சள் பாய்ந்திருக்க வேண்டும். கெட்டிப் பச்சைக்காயில் சாறு குறைவு, தோல் எண்ணெயின் காட்டம் அதிகம். காம்புப் பக்கம் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகிற பழம் அழுகத் தொடங்கியது. அது ஒன்று சேர்ந்தால் மொத்தச் சாறும் வாடை அடிக்கும்.

கேரளத்துப் பக்கம் கடையில் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே எலுமிச்சைக்கு நாரங்ஙா அல்லது செறுநாரங்ஙா என்று பெயர். நம் நாரத்தங்காய் வேறு, ஊறுகாய்க்குப் போகிற கசப்புக்காய். கல்யாணமாகி வந்த புதிதில் நாத்தனார் போனில் 'நாரங்ஙா வாங்கி வை' என்று சொல்ல, நான் இரண்டு கிலோ நாரத்தங்காயை வாங்கி வைத்தேன். அந்த வருஷம் ஊறுகாய்க்குப் பஞ்சமில்லை.

2. எப்போது, எங்கே வாங்குவது

இந்தப் பக்கத்தில் எலுமிச்சைக்குப் புளியங்குடிதான். செங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகிற பழத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் ஏறுகிறது. ஆனால் நாலரைக் கிலோவுக்காக அங்கே போவது வீண். மொத்தக் கடையில் மூட்டைக் கணக்கில்தான் பேசுவார்கள். பத்துக் கிலோவுக்கு மேல் என்றால் போகலாம். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பொறுக்கின மிச்சம்தான் கிடைக்கும்.

விலை பங்குனி, சித்திரையில் ஏறும், மழைக்காலத்தில் விழும். 2022 ஏப்ரலில் ஒரு பழம் பத்து ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். அதே பழத்தை மழை நாளில் கூறு போட்டு 'இருபது ரூவாய்க்கு அள்ளிக்கோங்க' என்பார்கள். வெயிலில் விசேஷம் வைத்திருப்பவர்கள், அதற்கு முந்தின மழைக்காலத்திலேயே சாறை உறைய வைத்துக்கொள்ளலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் வாங்குங்கள். அதற்கும் முன்னால் வாங்கினால் தோல் காய்ந்து சுருங்கும். பையிலேயே கட்டிப் போடாமல் தட்டில் பரப்பி வையுங்கள்.

3. பாத்திரம்

எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான். இந்த மூன்றைத் தவிர எதுவும் வேண்டாம். எலுமிச்சைச் சாறு கடுமையான புளிப்பு. ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் ஊற்றிவைத்தால் உலோகத்தை அரித்துச் சாறுக்குள் இறக்கிவிடும். ருசி கெடுவதோடு போகாது, வாந்தியும் வயிற்றுவலியும் வரும். அலுமினிய அண்டாவும் அப்படித்தான் கறுக்கும். சமையல்காரர் கொண்டுவருகிற பெரிய அண்டா பெரும்பாலும் அலுமினியமாக இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

4. தண்ணீரும் ஐஸும்

புளிப்புதானே, கிருமி செத்துவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். சாகாது. ஒரு தம்ளரில் ஒரு பழச் சாறு விட்டால் கெட்ட தண்ணீர் நல்ல தண்ணீராகிவிடாது. கல்யாண வீட்டு வெல்கம் ட்ரிங்க்கைப் பற்றிக் கேரளத்தில் சுகாதாரத் துறை மஞ்சள்காமாலை சமயங்களில் திரும்பத் திரும்ப எச்சரிப்பது இதனால்தான். எங்கள் நாத்தனார் வீட்டார் கொதிக்க வைக்காத தண்ணீரைத் தொடமாட்டார்கள். 'ஜூஸுக்கு என்ன தண்ணி?' என்றுதான் வந்ததும் முதல் கேள்வி.

முதல் நாள் இரவே தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, ஒரு நிமிஷம் அந்தக் கொதியிலேயே வைத்து இறக்கி, மூடி ஆறவிடுங்கள். 15 லிட்டர் ஆற ஒரு ராத்திரி முழுக்க ஆகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஐஸை அள்ளிக் கொட்டினால் ஜூஸ் நீர்த்துப்போகும்.

இதைவிட மோசமான பொறி ஐஸ். தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, மீன் வண்டிக்குப் போகிற ஐஸ் பாளத்தை வாங்கி உடைத்துப் போடுகிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பொருளைக் குளிர வைக்கிற, தின்னக்கூடாத ஐஸுக்கு நீலச் சாயம் கலக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சொன்னது. சாயம் இல்லை என்பதற்காக எல்லாப் பாளமும் நல்லதென்று ஆகிவிடாது. குடிதண்ணீரில் செய்த ஐஸ் கட்டி என்று பாக்கெட்டில் எழுதி விற்பதை வாங்குங்கள். இல்லையென்றால் மூன்று நாள் முன்னாலிருந்தே கொதித்து ஆறிய தண்ணீரை டிபன் டப்பாக்களில் ஊற்றி வீட்டு ஃப்ரீசரிலேயே உறைய வையுங்கள். பக்கத்து வீட்டு ஃப்ரீசரையும் கேளுங்கள், விசேஷ வீடென்றால் இடம் கொடுப்பார்கள்.

5. பாகு

சர்க்கரையை நேராகப் போட்டுக் கலக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் அது கரைய அரைமணி நேரம் எடுக்கும். அதற்குள் நாலு பேர் ருசி பார்த்து 'இனிப்பு பத்தலை' என்று ஆளுக்கு ஒரு கை போட்டுவிடுவார்கள். கடைசித் தம்ளர்க்காரர் பாயசம் குடிப்பார்.

ஒரு கிலோ சர்க்கரைக்கு அரை லிட்டர் தண்ணீர். கரைந்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும். கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம். ஒரு லிட்டருக்குச் சற்று மேல் பாகு கிடைக்கும். துணியில் வடிகட்டினால் சர்க்கரையின் அழுக்கு தங்கும். நூறு தம்ளருக்கு இரண்டரைக் கிலோ சர்க்கரை, ஒன்றே கால் லிட்டர் தண்ணீர். முதல் நாளே காய்ச்சி ஆறவைத்து மூடிவிடலாம், இது ஒன்றுதான் முன்கூட்டிச் செய்தாலும் கெடாத வேலை.

6. பிழிவது: மொத்த விவகாரமும் இங்கேதான்

கசப்பு மூன்று இடத்திலிருந்து வருகிறது. விதை, தோலுக்கு அடியிலிருக்கும் வெள்ளைச் சதை, நேரம். முதல் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதுதான் ஆளைக் கவிழ்ப்பது.

பழத்துக்குள் இருக்கும்போது கசக்காத ஒரு பொருள் இருக்கிறது. பிழிந்து, புளிப்புச் சாறோடு அது கலந்ததும், கொஞ்சம் கொஞ்சமாக லிமோனின் என்ற கசப்புப் பொருளாக மாறுகிறது. பிழிந்த உடனே குடித்தால் தெரியாது. சில மணி நேரம் கழித்துத் தெரியும், ராத்திரி முழுக்க வெளியில் வைத்தால் வாயில் வைக்க முடியாது. சூடு அதை வேகப்படுத்தும், குளிர்ச்சி மெதுவாக்கும். மிக்ஸியில் விதையும் சதையும் அரைபட்டால் அந்தப் பொருள் சாறில் பல மடங்கு இறங்கும். என் அண்டாவில் நடந்தது இதுதான். பித்தளை அதன் மேல் இன்னொரு பாவம்.

ஆகவே, விருந்தாளி வருவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் பிழியத் தொடங்குங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

பழத்தை முதலில் கழுவித் துடையுங்கள். உள்ளங்கையால் தரையில் அழுத்தி நாலு உருட்டு உருட்டுங்கள், சாறுப் பைகள் உடைந்து இளகும். ஃப்ரிட்ஜில் இருந்த பழமானால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுங்கள். காம்பிலிருந்து நுனிக்கு வெட்டாமல் குறுக்கே வெட்டுங்கள், அப்போதுதான் எல்லாச் சுளையும் திறக்கும்.

கைப்பிடி வைத்த ஸ்குவீசர் இருந்தால், பாதிப் பழத்தின் வெட்டின முகம் ஓட்டையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்க வேண்டும். கிண்ணத்தின் வடிவத்தைப் பார்த்துப் பழத்தை அதில் பொருத்துகிற மாதிரி நிமிர்த்தி வைப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படி வைத்தால் சாறு முகத்தில் அடிக்கும், தோல் எண்ணெயும் கூடவே வரும். எதில் பிழிந்தாலும் ஒரே அழுத்து, விட்டுவிடுங்கள். கடைசிச் சொட்டு வரை முறுக்கிப் பிழிகிறவர்கள் அந்தச் சொட்டோடு வெள்ளைச் சதையின் கசப்பையும் வாங்கிக்கொள்கிறார்கள். நாலரைக் கிலோ வாங்கச் சொன்னது இதற்காகத்தான், கஞ்சத்தனம் வேண்டாம்.

பாத்திரத்தின் மேலேயே வடிகட்டியை வைத்துக்கொள்ளுங்கள். விதை ஒரு நிமிஷம்கூடச் சாறில் ஊறக் கூடாது. இரண்டு பேர் உட்கார்ந்தால் நூறு பழம் முக்கால் மணி நேரம். பிழிந்த சாறை உடனே மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் முற்றத்தில் பிழிந்த மறுநாள் சாயங்காலம், வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிவந்து எரிந்தது. அதற்கு மறுநாள் கொப்புளம். எண்ணெய் தெறித்ததோ என்று நினைத்தேன், ஆனால் நான் அடுப்புப் பக்கமே போகவில்லை. சாறு வழிந்த தடம் அப்படியே மணிக்கட்டு வரை கோடு போட்டிருந்தது. டாக்டர் பார்த்ததும் கேட்ட கேள்வி, "வெயிலில் உட்கார்ந்து எலுமிச்சை பிழிந்தீர்களா?" தோலிலும் சாறிலும் இருக்கும் ஒரு பொருள் மேலே பட்டு, அதன் மேல் வெயிலும் பட்டால் இப்படிச் சுட்டுவிடுமாம். கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறியது. கறுப்புக் கோடு கார்த்திகை வரை போகவில்லை. வீட்டுக்குள் பிழியுங்கள், பிழிந்ததும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டு வெளியே போங்கள். சின்னப் பிள்ளைகளை மொட்டை மாடியில் உட்கார வைத்து இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

7. கலப்பது

ஒரு தம்ளருக்குச் சாறு 15 மில்லி, பாகு 25 மில்லி, தண்ணீர் 130 மில்லி, மீதி ஐஸ். மில்லிக் கணக்குக்கு இருமல் மருந்தோடு வருகிற மூடி போதும். நூறுக்கு: சாறு ஒன்றரை லிட்டர், பாகு இரண்டரை லிட்டர், தண்ணீர் 13 லிட்டர், ஐஸ் ஐந்து கிலோ. காய்ச்சின பாகில் கொஞ்சம் மீறும், அதைக் கடைசியில் சரி செய்யக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு கட்டாயம். நூறு தம்ளருக்கு மூன்று டீஸ்பூன். உப்பு, கசப்பை நாக்குக்குத் தெரியாமல் அமுக்கிவிடும். லேசாகக் கசந்துபோன ஜூஸைக் காப்பாற்றுவதற்கும் இதுதான் வழி. ரொம்பக் கசந்ததை எதுவும் காப்பாற்றாது, கொட்டிவிடுங்கள். நான் அன்றைக்குச் சர்க்கரை, உப்பு, இஞ்சி, புதினா என்று வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். கசப்பான இஞ்சிச் சாறு கிடைத்தது.

முழுவதையும் ஒரே அண்டாவில் கலக்காதீர்கள். சாறும் பாகும் உப்பும் ஒரு பாத்திரத்தில், தண்ணீர் தனியாக. வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் இருபது தம்ளருக்கு ஒரு தடவை கலந்தால் போதும். இரண்டாவது வேன் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வரும், அது எப்போதும் நடக்கிறதுதான்.

மலையாளத்து விருந்தாளிகள் என்றால் மூன்று விதமாகக் கேட்பார்கள். சர்க்கரை இல்லாமல் என்பதற்கு அங்கே 'வித்தௌட்'. உப்புப் போட்டுச் சோடா விட்டது தனி. குலுக்கி சர்பத் மூன்றாவது: சாறு, பாகு, கீறின பச்சைமிளகாய், ஒரு துண்டு இஞ்சி, ஊறின சப்ஜா விதை, ஐஸ், எல்லாவற்றையும் ஒரு தம்ளரில் போட்டு இன்னொரு தம்ளரைக் கவிழ்த்துக் குலுக்குவது. நூறு பேருக்கு அது முடியாது, நாலு பேருக்குச் செய்து காட்டிக் கைதட்டு வாங்கலாம்.

அந்தச் சப்ஜாவில் ஒரு குழி இருக்கிறது. சர்பத்தில் போடுகிற அந்தக் கறுப்பு விதையை அங்கே பலரும் 'கஸ்கஸ்' என்பார்கள். அதைக் காதில் வாங்கிக்கொண்டு நம் மளிகைக் கடையில் போய்க் கசகசா கேட்டால் குருமாவுக்கு அரைக்கிற வெள்ளை விதையைக் கட்டிக் கொடுப்பார்கள். ஊறவைத்து ஊறவைத்துப் பார்ப்பீர்கள், உப்பவே உப்பாது. சப்ஜா விதை அல்லது திருநீற்றுப்பச்சிலை விதை என்று கேளுங்கள். ஒரு டீஸ்பூனை அரைத் தம்ளர் தண்ணீரில் போட்டால் இருபது நிமிஷத்தில் தவளை முட்டை மாதிரி ஆகும்.

8. நேரக் கணக்கு

பதினொரு மணிக்கு விருந்தாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் முன்பு பழம். முதல் நாள் இரவு தண்ணீர், பாகு. அன்று காலை ஒன்பதுக்குப் பழம் கழுவி உருட்டுவது, ஒன்பதே காலுக்கு வெட்டிப் பிழிவது, பத்து மணிக்குச் சாறு ஃப்ரிட்ஜுக்குள். பத்தரைக்கு உப்பும் பாகும் சேர்த்து ஒரே ஒரு ஆள் ருசி பார்ப்பது. அந்த ஆள் வெற்றிலை போடாதவராக இருக்க வேண்டும்.

சீப்பு, சேலை, மாலை என்று எல்லோரும் அலைகிற அதே நேரம்தான் இது. பிழிகிற இரண்டு பேரை முதல் நாளே பேசிவைத்துவிடுங்கள்.

9. செலவு

2024 வைகாசியில் எனக்கு ஆனது: பழம் நாலரைக் கிலோ 540 ரூபாய், சர்க்கரை 115, பாக்கெட் ஐஸ் 150, கேஸும் உப்பும் சில்லறை. தம்ளருக்கு எட்டு, எட்டரை ரூபாய். மழைக்காலத்தில் போட்டபோது நாலு ரூபாய்க்குள் முடிந்தது.

தம்ளர் விஷயத்தில் ஏமாறாதீர்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் கப்புக்கு மட்டுமல்ல, உள்ளே பிளாஸ்டிக் பூசின பேப்பர் கப்புக்கும் தடை. கேரளத்திலும் 2020 முதல் ஒரு தடவை போட்டுத் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கிற்குத் தடை இருக்கிறது. 'பேப்பர்தான்கா, ஒண்ணும் ஆகாது' என்று கடைக்காரத் தம்பி கொடுப்பான். மண்டபத்தில் அபராதம் போட்டால் கட்டுவது நீங்கள். பாத்திரக்கடையில் எவர்சில்வர் தம்ளரை நாள் வாடகைக்குத் தருகிறார்கள், கழுவ ஒரு ஆள் வைத்தாலும் கட்டுப்படியாகும்.

10. மீந்த பழத்துக்கும் மலிவுப் பழத்துக்கும்

சாறாக வைப்பதானால், பிழிந்த கையோடு ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவிடுங்கள். ஒரு குழி பெரும்பாலும் ஒரு தம்ளருக்கான அளவு. உறைந்ததும் கட்டிகளை மூடி போட்ட டப்பாவில் மாற்றினால் நாலைந்து மாதம் பயமில்லை. கரண்ட் போய் உருகிவிட்டால் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

ஸ்குவாஷுக்கு ஒரு லிட்டர் சாறு, இரண்டு கிலோ சர்க்கரை, ஒரு லிட்டர் தண்ணீர். சர்க்கரையையும் தண்ணீரையும் காய்ச்சி, முழுக்க ஆறின பிறகுதான் சாறைச் சேர்க்க வேண்டும். சூட்டில் ஊற்றினால் அதே பழைய கசப்பு. மூன்றே கால் லிட்டர் வரை வரும். குடிக்கும்போது ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். வீட்டுக்கென்றால் ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், கெடாமல் காக்கிற மருந்து ஒன்றும் வேண்டாம். வெளியில் வைக்க வேண்டுமென்றால் பொட்டாசியம் மெட்டா பைசல்பைட், கடையில் கே.எம்.எஸ். என்றால் தருவார்கள், இந்த அளவுக்கு இரண்டரை கிராம். கரண்டியில் குத்துமதிப்பாக அள்ளாதீர்கள். கிராம் காட்டுகிற சின்னத் தராசு வாங்குங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆகாது, ஆகவே பாட்டிலில் எழுதி ஒட்டுங்கள்.

11. விற்பதாக இருந்தால்: காகிதங்கள்

நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் விற்கலாம் என்று தோன்றும். வீட்டில் செய்து பத்துப் பாட்டில் விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். நான் 2024 ஜனவரியில் பதிந்தேன். அப்போது வருஷ விற்றுமுதல் 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குப் பதிவு மட்டும் போதும், வருஷத்துக்கு 100 ரூபாய். ஃபாஸ்காஸ் என்ற அரசுத் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். வரம்பும் கட்டணமும் இப்போது என்ன என்பதை விண்ணப்பிக்கிற அன்று அதே தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்காகச் செய்து தருவதாக ஒருவர் 2,500 ரூபாய் கேட்டார். நூறு ரூபாய் வேலை அது.

எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை: போட்டோ, ஆதார், செய்கிற இடத்தின் முகவரிக்கு ஒரு சான்று, என்ன பொருள் செய்கிறோம் என்ற பட்டியல். என் விண்ணப்பம் முதல் தடவை திரும்பி வந்தது. ஆதாரில் பிறந்த வீட்டு முகவரி, தஞ்சாவூர் மாவட்டம். செய்கிற இடம் செங்கோட்டை. மின்சாரக் கட்டண ரசீது அத்தை பெயரில். அத்தையிடம் 'என் வீட்டில் மருமகள் இந்தத் தொழில் செய்யச் சம்மதம்' என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கி, ரசீதோடு சேர்த்து ஏற்றினேன். கல்யாணமாகி வந்த பெண்கள் முதலில் ஆதார் முகவரியை மாற்றிவிட்டு விண்ணப்பித்தால் இந்த அலைச்சல் மிச்சம். கிணற்றுத் தண்ணீரோ போர்த் தண்ணீரோ என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்து அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு கிடைத்ததும் 14 இலக்க எண் வரும். லேபிளில் அது, பொருளின் பெயர், சேர்மானங்கள், கே.எம்.எஸ். போட்டிருந்தால் அது, நிகர அளவு, தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், விலை, உங்கள் பெயர் முகவரி, சைவம் என்று காட்டுகிற பச்சைப் புள்ளி. 'ஸ்குவாஷ்' என்று பெயர் போட்டால் சாறு 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மேலே சொன்ன அளவில் அது இருக்கும். தண்ணீரைக் கூட்டினால் அந்தப் பெயரைப் போட முடியாது.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமான ஒன்று. புனலூரில் நாத்தனாருக்குத் தெரிந்த பேக்கரிக்காரர் மாதம் இருபது பாட்டில் கேட்டார். புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டினால் வேறு மாநிலம். தமிழ்நாட்டுக்குள் விற்கிற சின்ன வியாபாரிக்கு ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. ஆனால் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்றால், விற்றுமுதல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இருபது பாட்டில் லாபம் ஆடிட்டர் கட்டணத்துக்குக்கூட வராது. பேக்கரிக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். நாத்தனார் வரும்போது மூன்று பாட்டில் சும்மா கொடுத்தனுப்புவேன். அது சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பது, அதற்குச் சீட்டு வேண்டாம். வேன் மலை ஏறும்போது மூடி தெறிக்கும் என்பதால் பாட்டிலின் கழுத்து வரை நிரப்பாமல் இரண்டு விரற்கடை இடம் விட்டு மூடுகிறேன்.